ஒன்பது நாள், ஏழு வீடு, ஒரு கார்

கேள்வி: நாங்கள் செங்கோட்டையில் இருக்கிறோம். மே மாதம் காரிலேயே சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய்வரத் திட்டம். புனலூரில் நாத்தனார் வீடு, கோட்டயத்தில் மாமனாரின் தம்பி வீடு, வண்டிப்பெரியாறில் என் பெரியம்மா வீடு, திரும்பும் வழியில் கம்பம், தேனி, ராஜபாளையம் என்று இன்னும் நாலு வீடு. மொத்தம் ஒன்பது நாள். ஏழு பேர் உட்காருகிற கார். நான், கணவர், 10 வயது மகள், 4 வயது மகன், மாமனார், மாமியார், கொழுந்தனார். புனலூரில் நாத்தனார் மகளும் ஏறிக்கொள்வாள். போன வருஷம் இதே மாதிரி போனபோது மூன்று கஷ்டம் வந்தது. சின்னவன் எஸ் வளைவிலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான். மாமனாருக்கு 72 வயது. காலையும் இரவும் இன்சுலின், பிரஷர் மாத்திரையும் உண்டு. நாத்தனார் வீட்டில் ஒரு காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, கிறக்கமாக உட்கார்ந்துவிட்டார். சீனித் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். ஊர் திரும்பி மூன்று வாரத்தில் மகளுக்கு மஞ்சள் காமாலை. இந்த வருஷம் பயணமே வேண்டாம் என்கிறார் கணவர். போகாவிட்டால் சொந்தபந்தம் என்ன நினைக்கும் என்கிறார் மாமியார். சின்னவனையும் மாமனாரையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா, டாக்டர்?

- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: போங்கள் அம்மா. யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஆனால் ஏழு வீட்டை மூன்றாகக் குறையுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று கஷ்டம் என்கிறீர்கள். அதில் ரோட்டில் நடந்தது சின்னவனின் வாந்தி ஒன்றுதான். மற்ற இரண்டும் வீட்டுக்குள்ளே, இலை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நடந்தவை. முப்பது வருஷமாக இந்த மலையடிவாரத்தில் டாக்டராக இருக்கிறேன். மே கடைசியில் என் கிளினிக்கில் ஊர் சுற்றி வந்தவர்கள் கூட்டம் நிற்கும். மலைப்பாதையில் அடிபட்டு வந்தவர்கள் அதில் அபூர்வம். "மைனி வீட்ல வேண்டாம்னு சொல்ல முடியல டாக்டர்" என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

நம் ஊருக்கு இது தலையெழுத்தும்கூட. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. ஊர் வந்துவிட்டது, சம்பந்திகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். என் ஆச்சி கடைசி வரைக்கும் மளிகைக் கணக்கை மலையாள எழுத்தில்தான் எழுதினாள். அதனால் மலையைத் தாண்டிப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது என்கிற உங்கள் மாமியாரின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி, முதலில் மாமனார். போன வருஷம் அவருக்கு வந்தது வெயிலும் இல்லை, பிரஷரும் இல்லை. சுகர் இறங்கிவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று இங்கே உட்கார்ந்தே என்னால் சொல்ல முடியும். வீட்டில் ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்கு இட்லி என்று பழகியவர். அங்கேயும் அதே ஏழரைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாத்தனார் வீட்டு அடுக்களையிலோ அண்ணன் குடும்பம் வந்திருக்கிறதே என்று புட்டு, கடலைக்கறி, பழம்பொரி எல்லாம் ஒன்றாகத் தயாராகிக்கொண்டிருக்கும். கடலை வேகவில்லை. ஒன்பதாயிற்று. "இதோ ஆச்சுப்பா, இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். மகள் வீட்டில் போய் "எனக்குப் பசிக்குது, எதையாவது கொண்டா" என்று எந்த அப்பா கேட்பார்? பேசாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே போன இன்சுலின் பேசாமல் இருக்காது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஊசி என்று அவருடைய டாக்டர் சொல்லியிருப்பார். சொந்த வீட்டில் அது சரி. விருந்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஊசியை எடுக்கட்டும். அன்றைக்குச் சுகர் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகிறது. ஒன்பது நாளில் அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு வராமல் போனால்தான் அரை மணியில், ஒரு மணியில் ஆபத்து. கிளம்புவதற்கு முன் இதை அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், குழறல் இதில் எது வந்தாலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு இட்லியோ ஒரு பழமோ சாப்பிடட்டும். மிஷின் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் சீனியைக் கொடுத்துவிடுங்கள். சீனி இருக்கும்போது அல்வாவை ஊட்டாதீர்கள். நம்மூர்க்காரர்கள் கைக்கு அகப்படுவது என்று முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். நெய் சேர்ந்தது மெதுவாகத்தான் ஏறும். ஒன்று மட்டும் கண்டிப்பு: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்கு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.

இன்சுலினைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். நடந்தது என் வீட்டிலேயே. பல வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தென்மலை அணை பார்க்கப் போனோம். மருந்துக் குப்பியை ஒரு துண்டில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து டேஷ்போர்டு அறையில் வைத்தது நான்தான். காரை வெயிலில் நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் சுற்றினோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி. எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த இரண்டு நாள் அப்பாவுக்குச் சுகர் முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. நான் பலாச்சுளையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அடியில் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது தெரிந்தது. உருட்டினாலும் கலங்கவில்லை. சூட்டில் கெட்டுப்போன மருந்தை, ஒரு டாக்டர், தன் அப்பாவுக்கு நாலு தடவை போட்டிருக்கிறேன்.

ஆகவே குப்பி காரில் தங்கக் கூடாது. மாமியார் கைப்பையில், ஆள் இறங்கும்போது கூடவே இறங்கட்டும். திறந்த குப்பி 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். நம் மே மாதத்தில் அந்த 30-தான் கஷ்டம். இரண்டு மண்சட்டி எடுத்து, பெரியதில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னதை வைத்து, சின்னதுக்குள் குப்பியை வைக்கிற பழைய வழி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. காருக்கு ஒரு வாய் அகன்ற ஃபிளாஸ்க் போதும். ஐஸ் கட்டி மருந்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற வீட்டில் ஆசையாக வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பார்கள். எங்கே வைத்தார்கள் என்று நீங்கள் ஒரு தடவை திறந்து பாருங்கள். மேல் அறையில், ஐஸ் உறைகிற இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

அவருக்கு இன்னும் இரண்டு விஷயம். ஏற்றுமானூர் போவீர்கள், வழியில் வேறு கோயில்களும் இருக்கும். வருஷக்கணக்காகச் சுகர் உள்ளவர்களுக்குக் காலில் சூடு சரியாகத் தெரியாது. மே மாதத்து மதியத்தில் கருங்கல் பிரகாரத்தைச் சாவகாசமாகச் சுற்றி வந்துவிட்டு, இரவில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளத்தோடு வந்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். காலை நடை திறந்ததும் போய்வந்துவிடுங்கள். இரண்டாவது, கோட்டயத்துத் தோட்டத்தில் இரும்பன் புளி மரம் இருந்தாலும் இருக்கும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய் தொங்குமே, அதுதான். கொலஸ்ட்ராலுக்கு நல்லது, சுகருக்கு நல்லது என்று அதை அரைத்து ஒரு தம்ளர் சாறாக நீட்டுகிற பழக்கம் அந்தப் பக்கம் உண்டு. மீன்கறியில் நாலு காய் போட்டால் ஒன்றுமில்லை. சாறாகக் குடித்தால் அதில் இருக்கிற ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் போய் உப்பாகப் படிந்து, நன்றாக இருந்த ஆளுக்கு டயாலிசிஸ் வரை கொண்டுபோயிருக்கிறது. கேரளத்து டாக்டர்களே 2013-இல் சிறுநீரக மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா அன்பாகத்தான் கொடுப்பார். வாங்கிக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இனி சின்னவன். காது உள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு "வண்டி வளைகிறது, சாய்கிறது" என்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு "ஒன்றும் அசையவில்லையே" என்கிறது. இந்த இழுபறியில்தான் வாந்தி வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை அதிகம், வளர வளரப் பெரும்பாலும் விட்டுப்போகும். அவன் வயிற்றில் கோளாறு ஏதும் இல்லை.

போன வருஷம் அவனை எங்கே உட்கார வைத்தீர்கள் என்று எழுதவில்லை. கடைசி வரிசையில், பைகளுக்கு நடுவில், கையில் போனைக் கொடுத்து என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு இறங்க ஏற வசதி வேண்டும் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. வாந்தி எடுக்க வைப்பதற்கென்றே பார்த்துச் செய்த மாதிரி இடம் அது. இந்தத் தடவை நடு வரிசை. குழந்தை சீட் வாங்கிப் பூட்டினால் உயரம் கிடைத்து, முன் கண்ணாடி வழியாக ரோடு தெரியும். யார் மடியிலும் வேண்டாம், முன் சீட்டில் மடியில் வைப்பது வேண்டவே வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரிந்தால் பெரியவர்களைக் காப்பாற்றும், மடியில் இருக்கும் குழந்தையை அது கொல்லும். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதே சேர்த்துவிட்டார்கள். அபராதம் கிடக்கட்டும். புளியரையிலிருந்து மேலே ஜல்லி லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் எட்டாவது ஆளுக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். நாத்தனார் மகளும் கொழுந்தனாரும் புனலூரிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசு பஸ்ஸில் வரட்டும். அவர்களுக்கும் அதுதான் ஜாலி.

கிளம்புகிற அன்று வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. ஒரு இட்லி போதும், பால் வேண்டாம். கார் வாசனைப் புட்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அதைவிட முக்கியம், முன்னால் உட்காருகிற பெண்கள் தலையில் மூன்று முழம் மல்லிகையோடு ஏறாதீர்கள். மூடிய ஏசி காரில் அந்த மணமே பிள்ளையைக் குமட்ட வைக்கும். எஸ் வளைவுக்கு முன்னால் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்குங்கள். செல்போனை வாங்கிவிட்டு, எதிரே வருகிற லாரிகளை எண்ணச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்வதில் கெடுதல் இல்லை. இஞ்சி மொரப்பா ஒரு துண்டு வாயில் இருந்தால் கொஞ்சம் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காத பிள்ளைகளுக்கு மாத்திரை உண்டு. நேரில் கூட்டிவந்து எடை பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். புரோமெத்தசின் வகை மருந்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தால்தான் வேலை செய்யும். எஸ் வளைவில் வாந்தியைப் பார்த்த பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் சளி சிரப்போடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. வண்டி ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது. வயிற்றுப்போக்கு வாந்திக்கு எழுதிக்கொடுத்த ஆன்டான்செட்ரான் சிரப் வீட்டில் மிச்சம் இருக்கும், அதைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். பயண வாந்திக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஓஆர்எஸ் நாலு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டு ஒரு தம்ளரில் கலக்குகிறார்கள், அளவு தப்பிவிடும். டப்பாவில் விற்கிற இனிப்பு ஜூஸை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள். அவற்றின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியாயிற்று.

மகளுக்கு வந்த காமாலைக்கு வருவோம். ஊர் வந்து மூன்று வாரம் கழித்து வந்ததால், அன்றைக்கு இங்கே பள்ளிக்கூட வாசலில் தின்றதைக் காரணம் சொல்லியிருப்பீர்கள். ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய்க் காமாலையாகத் தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும். கணக்கு, பயணத்துக்கே போய் நிற்கிறது. இதில் ஒரு நல்ல செய்தி, அவளுக்கு இனி அது வராது. சின்னவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள், பிடிக்கச் சில வாரம் ஆகும்.

மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். சீரகம் போட்டது மஞ்சளாக, பதிமுகம் என்கிற மரக்கட்டைச் சீவலைப் போட்டது இளஞ்சிவப்பாக இருக்கும். நல்ல பழக்கம், நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. கூட்டம் கூடினால்தான் அது கெடுகிறது. பத்துப் பேர் வந்து உட்கார்ந்ததும் கொதித்த தண்ணீர் ஆறுகிற வரை பொறுக்க முடியாமல், ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றி ஆற்றிவிடுவார்கள். கொதிக்க வைத்ததெல்லாம் வீண். கல்யாண வீட்டு வாசலில் கலர் கலராகக் கொடுக்கிற ஜூஸிலும், ரோட்டோரக் குலுக்கி சர்பத்திலும் பயப்பட வேண்டியது ஐஸுக்குத்தான். ஆளுக்கு ஒரு பாட்டில், காலையில் நீங்களே கொதிக்க வைத்து ஆற்றி நிரப்பியது, அவ்வளவுதான். "எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?" என்று கேட்பார்கள். பிள்ளைக்குப் போன வருஷம் காமாலை வந்தது, டாக்டர் உத்தரவு என்று சொல்லுங்கள்.

வீட்டுக் குளத்தையும் சொல்லிவிடுகிறேன், பத்து வயதுப் பெண் இருக்கிறாளே. தேங்கிய, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் வாழ்கிற ஒரு அமீபா, மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்குகிறது. கேரளத்தில் 2016-இல் ஆலப்புழையில் முதலில் கண்டார்கள். 2024-க்குப் பிறகு அடிக்கடி காதில் விழுகிறது. வருவது அபூர்வம், வந்தால் உயிருக்கே ஆபத்து. குடித்தால் வராது, தொட்டால் ஒட்டாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. மூக்கில் தண்ணீர் ஏறினால்தான். ஆகவே பாசி பிடித்த குளத்தில் குதிப்பதும் முங்குவதும் வேண்டாம். கரையில் உட்கார்ந்து கால் நனைக்கட்டும். குளித்துவிட்டு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், இங்கே எந்த டாக்டரிடம் போனாலும் "கேரளாவில் குளத்தில் குளித்தாள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாங்களாகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

அப்புறம் ஓட்டுகிறவர். கடிதத்தில் உங்கள் கணவருக்கு ஒரு நோயும் இல்லை, அதனால் அவரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதிகக் கவலை அவர்மேல்தான். ஒன்பது நாளும் அவர் ஒருவரே ஓட்டுகிறார். ஒவ்வொரு வீட்டிலும் இரவு பன்னிரண்டு வரை மாப்பிள்ளையிடம் பேச ஆள் இருக்கும், காலை ஐந்துக்கு எழுப்பி டீ கொடுக்கவும் ஆள் இருக்கும், மதியம் மூன்று பாயசத்தோடு சாப்பாடு போட்டு "இருட்டுறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்று இரண்டு மணிக்கு வழியனுப்பவும் ஆள் இருக்கும். சாப்பிட்ட பிறகு வருகிற அந்த இரண்டிலிருந்து நாலு மணி, கண் தானாகச் செருகுகிற நேரம். முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானம் ஏறுகிற ரோட்டில் அந்த நேரத்தில் அவர் ஓட்டக் கூடாது. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்து, பத்தரைக்குள் அடுத்த வீட்டில் இறங்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்கி நடங்கள், மாமனாரின் காலுக்கும் அது தேவை.

இப்படி ஓட்ட வேண்டுமென்றால் ஏழு வீடு நடக்காது. புனலூரில் இரண்டு இரவு, கோட்டயத்தில் மூன்று, வண்டிப்பெரியாறில் இரண்டு. எட்டாம் நாள் காலையில் குமுளி வழியாக இறங்கிக் கம்பத்து வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள். ஒன்பதாம் நாள் சொந்தக் கட்டிலில் தூங்குங்கள். தேனியும் ராஜபாளையமும் எங்கே ஓடிவிடப் போகின்றன? அவை மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்கள், மலை ஏற வேண்டியதில்லை, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். எப்படியும் மே 25-க்குள் திரும்பிவிடுங்கள். ஜூன் பிறந்தால் மழை எந்த நிமிஷமும் இறங்கும், மலைப்பாதையில் மண் சரியும்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். சொந்தபந்தம் நினைக்கத்தான் செய்யும். பழியை என்மேல் போடுங்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. கிளினிக்குக்கு வந்தால் என் லெட்டர் பேடிலேயே எழுதித் தருகிறேன்: காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு, ஒரு பாயசம் மட்டும், இரவு பத்துக்கு விளக்கணைப்பு. இதற்கு முன்னாலும் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெரியவருக்கு "யாரும் ஊட்டிவிடக் கூடாது" என்றே எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டில் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்களாம். மருமகள் சொன்னால் அது அகங்காரம், டாக்டர் சொன்னால் அது வைத்தியம். இந்த அநியாயத்தைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை, பயன்படுத்திக்கொள்ள மட்டும் தெரியும்.

அந்தச் சீட்டு போவதற்கு முன்னால் போன் போகட்டும். புனலூருக்கு உங்கள் கணவர் பேச வேண்டும், நீங்கள் அல்ல. தங்கச்சியிடம் அண்ணன் சொல்கிற மாதிரி சொல்லட்டும்: "அப்பாவுக்கு எட்டு மணிக்கு ரெண்டு இட்லி வச்சிரு, புட்டு எப்ப வேணாலும் வரட்டும்." இதில் கோபப்பட ஒன்றுமில்லை. போன வருஷம் அப்பா உட்கார்ந்திருந்த கோலத்தை அவளும்தானே பார்த்தாள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் கணவர் என்ன சொல்கிறார் என்று இருக்கிறது, மாமியார் என்ன சொல்கிறார் என்று இருக்கிறது. மாமனாரை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. கோட்டயத்தில் இருப்பது அவருடைய சொந்தத் தம்பி. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும், ஊசி, மாத்திரைப் பேச்சை எடுக்காமல், "மாமா, கோட்டயம் போகணுமா?" என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்பதையும், வீட்டில் எழுதி வைத்திருக்கும் சுகர் நோட்டையும் எடுத்துக்கொண்டு, மே பிறப்பதற்குள் ஒரு நாள் சாயங்காலம் அவரையும் சின்னவனையும் கூட்டி வாருங்கள்.